ஐஸ்பெட்டி சாரின் காரணங்கள்

கைவசம் ஒரு காரணம்கூட மிச்சமில்லை. ஐஸ்பெட்டி சார் காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் நர்ஸம்மா வந்து கதவைத் தட்டுவார். "என்ன ஐயா, இந்த வாரமாவது ஊசிக்கு மனசு வந்துச்சா?" என்று கேட்பார். வரவில்லை என்பதற்கு இவர் எதையாவது சொல்லியாக வேண்டும்.

முட்டை ஒத்துக்கொள்ளாது, ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று முதல் வாரம் கேட்டார். அன்றைக்கென்று அடுப்புப் பக்கத்தில் இரண்டு அவித்த முட்டைகள் தட்டில் உட்கார்ந்து அவரைக் காட்டிக்கொடுத்தன. அடுத்த வாரம் இடது தோளில் பிடிப்பு என்றார். "வலது தோள் சும்மாதானே இருக்கு?" என்றார் நர்ஸம்மா. அதற்கடுத்த வாரம், வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இழுத்தார்.

"இந்த வயசுல உங்களுக்கு மகன் அனுமதி தரணுமா?" என்று நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. ஐஸ்பெட்டி சாரும் சிரித்தார். அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உண்மையில் ஐஸ்பெட்டி சாருக்கு ஊசி போட்டுக்கொள்வதில் எந்தத் தயக்கமும் கிடையாது. ஏனென்றால் அவர் எப்போதோ போட்டுக்கொண்டுவிட்டார்.

புதுக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்த முதல் நாளே, ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றவர் அவர். அது அவர் வேலை பார்த்த இடம். ஊசி மருந்துகளை வைக்கும் குளிர்ப்பெட்டிகளைப் பழுது பார்த்தே அவருடைய உத்தியோக காலம் கழிந்தது. தெருவில் அவருக்கு ஐஸ்பெட்டி சார் என்று பெயர் வந்ததும் அதனால்தான். மருந்தைக் கட்டிக் காத்தாரே தவிர, ஊசியைக் கண்டால் மனிதருக்குக் கைகால் உதறும். அன்றைக்கும் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பயத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் உளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுது" என்ற குரல் கேட்டதும் யார், என்ன என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டார்.

வந்ததும் மகனுக்குப் போன் போட்டார்.

"ஊசி போட்டீங்களாப்பா?"

"போட்டுட்டேன்."

"நல்லது. வெச்சிடறேன்பா."

அவ்வளவுதான் பேச்சு.

பிறகு ஒருநாள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நர்ஸம்மா மாடி ஏறி வந்தார். ஐஸ்பெட்டி சார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர், "போட்டாச்சு" என்றார். "சரிங்க" என்றார் நர்ஸம்மா. எதிர்வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.  மனைவி இறந்த பிறகு ஐஸ்பெட்டி சாரின் கதவைத் தட்டி யாரும் உள்ளே வந்ததில்லை. பால்கூட வாசலில் மாட்டிய பையில் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

கதவைத் திறந்தார். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தன.

"ஊசி போட்டாச்சா ஐயா?"

"இல்லம்மா."

"இல்லையா?"

"இல்ல."

"அப்படியா..." என்று நர்ஸம்மா ஒரு நொடி யோசித்தார். "அப்ப உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமாச்சே" என்று செருப்பைக் கழற்றினார்.

அன்று தொடங்கியது. வாரம் தவறாமல் வந்தார். ஊசியைப் பற்றிக் கொஞ்ச நேரம், மற்றதைப் பற்றி நிறைய நேரம் பேசினார்கள். நர்ஸம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரே அறை. "ஒரு ஆளுக்குச் சமைக்கற கணக்கு மட்டும் எனக்கு இன்னும் கைக்கு வரல ஐயா. ஒண்ணு மிஞ்சிப் போகுது, இல்ல பட்டினி" என்பார். அந்தக் கணக்கு ஐஸ்பெட்டி சாருக்கும் வந்ததில்லை.

ஒருமுறை நீலப் பெட்டிக் கதையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் படுத்துவிட்ட நாள். உள்ளே இருக்கும் குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று பழைய நீலக் குளிர்ப்பெட்டியின் கதவில் முதுகைக் கொடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் திறக்க விடவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்து திறந்து பார்த்தால் பெட்டி காலி. மருந்தையெல்லாம் முந்தின நாளே வேறு பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். இவருக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

கதை கரண்ட் வரும் இடத்துக்கு வரும் முன்பே நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கற்பூர புத்தி என்று ஐஸ்பெட்டி சார் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருடைய தொழில் கண்ணை உறுத்தியது. நர்ஸம்மாவின் தோளில் எப்போதும் ஒரு துணிப்பைதான். மருந்து கொண்டுவரும் சின்னக் குளிர்ப்பெட்டி ஒருநாளும் கூட வந்ததில்லை. நான் திடீரென்று சரி என்று சொல்லிவிட்டால் இந்தம்மா எதை எடுத்துக் குத்துவார் என்று யோசித்திருக்கிறார். ஆனால் கேட்கவில்லை. கேட்கப்போய் அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. காரணம் இன்னும் வரவில்லை.

"என்ன ஐயா, இந்த வாரமாவது மனசு வந்துச்சா?"

"அது வந்தும்மா... போட்டா கை உரல் மாதிரி வீங்கிப் போகுதாமே?"

"யார் சொன்னது?"

யார் சொன்னது என்று நர்ஸம்மா கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "கீழ்வீட்டு டெய்லர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நர்ஸம்மாவின் முகம் மாறியது. "அவருக்கு இளைப்பு ஆச்சே. அவர் முதல்ல போட்டுக்கணும். இருங்க, நான் கீழ போய்ப் பேசிட்டுப் போறேன்" என்று பாதி டீயோடு எழுந்துவிட்டார்.

ஐஸ்பெட்டி சாருக்குப் பாதி டீயும் போயிற்று, பாதி வாரமும் போனதுபோல் இருந்தது. மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"நானா சொன்னேன்? நான் நாளைக்கே போய்ப் போட்டுக்கறதா இருந்தேங்க!" கீழே டெய்லரின் குரல் எகிறியது. அதற்குள் ஒரு இருமல். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆமா, ஐஸ்பெட்டி சார் போட்டுக்கிட்டாரா?"

"அதை அவர்தாங்க சொல்லணும். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்றதில்ல."

டெய்லரின் காதில் அது எப்படி விழுந்தது என்பதற்குச் சான்று உடனே வந்தது. நர்ஸம்மாவின் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் மூச்சு வாங்க மாடிக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க போட்டுக்கலையாமே!"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் சந்தேகமே. மருந்துப் பெட்டியோடவே வாழ்ந்தவர் நீங்க. நீங்களே போட்டுக்கலன்னா உள்ள என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்லய்யா. உமக்கு இளைப்பு வேற இருக்கு. நாளைக்கே போய்ப் போட்டுக்கும்."

"அப்ப நீங்க ஏன் போடல?"

போட்டாயிற்று என்று டெய்லரிடம் சொல்வதும் தெருவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். நர்ஸம்மாவின் காதுக்கு அது நாளைக்கே போய்விடும். ஐஸ்பெட்டி சார் தடுமாறினார்.

"எனக்கு ஒரு காரணம் இருக்கு. வெளிய சொல்ல முடியாது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டெய்லரின் கண்கள் அகல விரிந்துவிட்டன. "புரியுது சார், புரியுது" என்று பின்பக்கமாகவே நகர்ந்து படியிறங்கினார்.

அந்த வெளியே சொல்ல முடியாத காரணம் பொழுது சாய்வதற்குள் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். ஐஸ்பெட்டி சாரிடம் இருந்தது இரண்டே கப். ஒருவருக்கு டம்ளர், ஒருவருக்குக் கிண்ணம், செயலாளருக்குச் சவர நீர் வைக்கும் குவளையைக் கழுவி, ஒருவழியாக எல்லாருக்கும் டீ கொடுத்தார். நாற்காலிகள் நிறைந்து, ஒருவர் கட்டிலில்கூட உட்கார்ந்திருந்தார். வந்த வேலை எப்படியிருந்தாலும், வீடு ஒரு வீடு மாதிரி இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"மருந்து தங்கமான மருந்துங்க" என்று ஆரம்பித்தார். இன்றைக்கு இதைச் சரிசெய்தே தீருவது என்ற முடிவு. "குளிர் மட்டும் குறையாம பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

"குறைஞ்சா?" என்றார் செயலாளர்.

"குறைஞ்சா மருந்து வேலை செய்யாது. ஆனா குறைய விடமாட்டாங்க."

"அதெப்படி? குறையாம பார்த்துக்கிட்ட நீங்கதான் இப்ப அங்க இல்லையே?"

உடனே, அங்கே இப்போது இருக்கிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் அவருடைய வேலையைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பணி ஓய்வு நாளன்று பூங்கொத்து கொடுத்தவர்கள்கூட அவர் பெயரைத் தப்பாகத்தான் சொன்னார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பெருமையில் பேசாமல் இருந்துவிட்டார்.

அது போதுமானதாக இருந்தது. செயலாளர் மற்றவர்களை அர்த்தத்தோடு பார்த்தார். எல்லாரும் அர்த்தத்தோடு எழுந்தார்கள். "நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று இவர் படி வரைக்கும் பின்னாலேயே போனார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார். உங்க நிலைமை எங்களுக்குத் தெரியும்" என்று செயலாளர் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினம் யாராவது வந்தார்கள். குளிர் எவ்வளவு இருக்கிறதாம், கெட்டுப்போன மருந்து என்ன நிறமாம் என்று கிசுகிசுத்தார்கள். இவர் எவ்வளவுக்கெவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கவ்வளவு நம்பினார்கள். பாவம், பென்ஷன் வாங்குகிறவர், வாயைத் திறக்க முடியுமா என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். ஐஸ்பெட்டி சார் கடைக்குப் போய் ஒரு டஜன் கப் வாங்கி வந்தார். தப்பு என்று தெரியும். ஆனாலும் வாங்கி வந்தார்.

அந்த வாரம் நர்ஸம்மா மனசு வந்ததா என்று கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார். அடுக்கில் இருந்த புதுக் கப்புகளைப் பார்த்தார்.

"போன ஞாயிறு தெருக்கோடி ஸ்கூல் ஹால்ல முகாம் போட்டோம் ஐயா. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். வந்தது ஒரு பூனை மட்டும்தான்."

ஐஸ்பெட்டி சார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"வர்ற ஞாயிறும் இப்படியே போச்சுன்னா என்னை வேற ஏரியாவுக்கு மாத்திடுவாங்க. அது போகட்டும். டெய்லருக்கு இந்தக் காய்ச்சல் வந்தா அவர் மார் தாங்காது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். நான் சொன்னா எனக்கு அது வேலை. நீங்க சொன்னா அவங்களுக்கு அது சாட்சி." கப்பைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை வந்து எல்லார் முன்னாடியும் உள்ளதைச் சொல்லுங்க ஐயா. அது போதும்."

போகும்போது நர்ஸம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டி சார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முகாமுக்குப் போகாவிட்டால் நர்ஸம்மாவை மாற்றிவிடுவார்கள். போய் உள்ளதைச் சொன்னால், இவ்வளவு நாள் ஏமாற்றிய ஆளின் வீட்டுப் படியை எந்த மனுஷி ஏறுவாள்? எந்தப் பக்கம் போனாலும் அடுத்த வாரம் கதவைத் தட்ட ஆள் இல்லை. டஜன் கப்பும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் கீழே தையல் மிஷின் சத்தம் நின்றது. அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் தனியாக இருக்கிறவருக்கு அது கடிகாரச் சத்தம் மாதிரி, நின்றால்தான் கேட்கும். கீழே இறங்கிப் போனார். டெய்லர் தலையணையை அடுக்கிச் சாய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெந்நீர் பாத்திரத்தோடு நின்றார்.

"காய்ச்சலா?" என்று ஐஸ்பெட்டி சார் வாசலிலிருந்தே கேட்டார்.

"இல்லீங்க. டாக்டர் பார்த்துட்டுப் போனாரு. வழக்கமான இளைப்புதான், இந்தத் தடவை தப்பிச்சோம்னாரு" என்றார் அந்த அம்மாள். "ஊசியைப் போட்டுக்கோன்னு நான் தலைபாடா அடிச்சுக்கறேன். ஐஸ்பெட்டி சார் போட்ட அன்னைக்குத்தான் நானும் போடுவேன்னு இருக்காரு."

டெய்லர் படுத்தபடியே கையைத் தூக்கி ஆட்டினார். "எனக்கு... உங்க மேலதான் சார்... நம்பிக்கை" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

மாடிக்கு வந்ததும் ஐஸ்பெட்டி சாருக்கு ஒரு யோசனை உதித்தது. இன்னொருமுறை குத்திக்கொண்டால் என்ன? ஊர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வது. தெரு நம்பும். டெய்லர் போட்டுக்கொள்வார். நர்ஸம்மாவை மாற்ற மாட்டார்கள். பொய்யும் வெளியே வராது. ஊசி என்றால் பயம் என்னவோ உண்மைதான். ஆனாலும் அரைக்கைச் சட்டையை அப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் ஹால் நிரம்பி வழிந்தது. யாரும் ஊசிக்கு வரவில்லை. ஐஸ்பெட்டி சார் என்ன செய்யப்போகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். செயலாளர் முன்வரிசையில் இருந்தார். டெய்லர் சால்வையைப் போர்த்திக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்து நின்றார். மேசைமேல் குளிர்ப்பெட்டி இருந்தது. நல்ல பெட்டி, மூடி கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பயத்திலும் ஐஸ்பெட்டி சாரின் கண் கவனித்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இறுக மூடினார். அப்போதும் நடக்கவில்லை. மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நர்ஸம்மா பெட்டியின் மூடியைத் தொடக்கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஐயா" என்றார்.

ஹாலில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். டெய்லரின் மூச்சிழுப்பு நாற்காலி வரை கேட்டது. ஐஸ்பெட்டி சார் எழுந்து நின்றார்.

"நான் ஊசி போட்டுக்கிட்டேன். இங்க இல்ல, பெரிய ஆஸ்பத்திரியில. முதல் நாளே. ஒரு தொந்தரவும் இல்ல, கைகூட வீங்கல."

ஹால் ஒரே கூச்சலாகிவிட்டது. "அப்ப அந்தக் காரணம்?" என்று செயலாளர் எழுந்தார். "வெளிய சொல்ல முடியாதுன்னீங்களே!"

"சொல்றேன். வெட்கமா இருந்துச்சு, அதான் சொல்ல முடியல." ஐஸ்பெட்டி சார் தரையைப் பார்த்தார். "போட்டாச்சுன்னு சொன்னா இந்தம்மா அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க. இல்லன்னு சொன்னா உட்கார்ந்து பேசுவாங்க. என் வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்லங்க. அவ்வளவுதான் காரணம். மருந்துல ஒண்ணும் இல்ல, பெட்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு என்கிட்டதான்."

 கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். செயலாளர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சால்வை அசைந்தது. "ஏன் சார்," என்றார் டெய்லர், "ஒரு கப் டீக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா நானே மாடிக்கு வந்திருப்பேனே! இதுக்காகவா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?" மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நாற்காலியைத் தட்டினார். "நகருங்க. அடுத்த ஆள் நான்."

டெய்லர் சட்டைக் கையைச் சுருட்டினார். நர்ஸம்மா குளிர்ப்பெட்டியைத் திறந்தார். டெய்லருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றார், அவருக்குப் பின்னால் செயலாளர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

நர்ஸம்மா ஒருமுறையாவது நிமிர்ந்து தன்னைப் பார்ப்பார் என்று ஐஸ்பெட்டி சார் சுவரோரமாக நின்று பார்த்தார். ஒரு ஆள் எழுந்ததும் அடுத்த ஆள் உட்கார்ந்தார். நர்ஸம்மாவுக்கு நிமிர நேரமில்லை. கோபம், இருக்காதா பின்னே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். காரியம் முடிந்தது. இனி தன் வாசல்வரை வருவது தன் காலடி மட்டும்தான். அழுகை வந்தது, தெருவில் நின்று அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றது. டிரைவர் காலிப் பெட்டிகளைப் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு உதவி" என்றார் ஐஸ்பெட்டி சார். "சாயங்காலம் நர்ஸம்மாகிட்ட, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானே நீலப் பெட்டி சார்? காலிப் பெட்டிக்கு நாளெல்லாம் முட்டுக் கொடுத்தவரு?"

"அதுவும் தெரிஞ்சு போச்சா? ஆமாப்பா, நான்தான்." கன்னம் சூடாகிவிட்டது. "பாவம், நான் யாரு என்னன்னே தெரியாம, சொன்னதை நம்பி, வாரா வாரம் மாடி ஏறி வந்தாங்க. நல்லா ஏமாத்திட்டேன்."

டிரைவர் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"யாருன்னு தெரியாமயா? முதல் நாள் வரிசையில உங்களை உள்ள அனுப்பினது நான். கண்ணை மூடிக்கிட்டு நீங்க அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, உங்களுக்கு ஊசி போட்டதே அவங்கதானே சார்!"